கலப்பை வார்த்த ஓவிய மாணவர்

நம் சொந்த ஊர்களில், கிணற்றங்கரைகளில் நீர் இறைக்கும் மோட்டார்களின்மேலும் பம்புகளின்மேலும் கிர்லோஸ்கர் என்னும் பெயர் வார்க்கப்பட்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அது ஒரு கம்பெனியின் பெயர் என்ற அளவில் அறிந்து நிறுத்திவிடுகிறோம். புனாவிலிருந்து மிரஜ் செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்த அன்பர்கள், சாங்லி மாவட்டத்தில் கிர்லோஸ்கர்வாடி என்றொரு நிலையம் இருப்பதையும் கவனித்திருக்கக்கூடும். அந்நிலையத்தின் முந்தைய பெயர் குண்டல் ரோடு. அப்பாதை அந்நாளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1908-இல் அமைந்த மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் நிர்வாகத்தில் இருந்தது. ஆதலால் நம் இலாகாவின் பழைய கதையோடும் இவ்வரலாற்றுக்குச் சிறிது தொடர்பு உண்டு. இருப்புப்பாதை நிலையமொன்று தன் பெயரை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு தனி மனிதர் என்ன செய்தார் என்பதை இம்மலரில் எழுத விரும்புகிறோம்.

இதனை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. நம் சங்கத்தில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். ஆயினும் இம்மலரின் கடைசிப் பக்கங்களில் விளம்பரம் கொடுத்து ஆண்டுதோறும் நம்மைத் தாங்குகிறவர்கள், நம்மிடையே மெஸ் நடத்துகிறவர்களும், மளிகைக் கடை வைத்திருப்பவர்களும், அப்பளம் இட்டு விற்கும் தாய்மார்களும், தையற்கடைக்காரர்களுமே ஆவர். அவர்களுடைய நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதைச் சம்பளக்காரர்களாகிய நாம் அதிகம் விசாரிப்பதில்லை. முதல் தேதி நமக்கு வரவு, அவர்களுக்கு வாடகை. நம் பிள்ளைகளிலும் சிலர் உத்தியோகம் கிடைக்காமலோ, உத்தியோகத்தில் மனம் செல்லாமலோ சிறுதொழில் தொடங்க எண்ணுகிறார்கள். பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அத்தகைய அச்சத்தினூடே ஒருவர் எப்படி ஆண்டுக்கணக்கில் மனந்தளராமல் நின்றார் என்பதைத் தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, பெல்காம் பகுதியிலுள்ள குர்லஹோசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். (பெல்காம் இன்று கர்நாடக மாநிலத்தில் பெலகாவி என வழங்குகிறது.) தந்தை காசிநாதபந்த் வேதாந்தக் கல்வியில் ஈடுபட்டவர். பையனுக்கோ பாடப்புத்தகங்களில் மனம் செல்லவில்லை. படம் வரைவதிலும், பொறிகளைக் கழற்றிப் பார்ப்பதிலுமே நாட்டம். 1885-இல் பம்பாய் சென்று ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியராகும் எண்ணத்தோடு சென்ற அவருக்கு அங்கே ஒரு பேரிடி காத்திருந்தது. சில வண்ணங்களைப் பிரித்தறியும் ஆற்றல் அவர் கண்களுக்குக் குறைவு என்பது தெரியவந்தது. வண்ணம் தெரியாதவன் ஓவியனாவது எங்ஙனம்?

அவர் வண்ணத்தை விட்டார், கோட்டை விடவில்லை. இயந்திர வரைபடத்துக்கு வண்ணம் வேண்டாம். அளவும் கோடும் போதும். அதைக் கசடறக் கற்றார். 1887-இல் பம்பாய் பைகுல்லாவில் தொடங்கப்பெற்றிருந்த விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட்டில் அதே பாடத்தைக் கற்பிக்கும் உதவி ஆசிரியராக அமர்ந்தார். பட்டம் பெற்ற பொறியியல் வல்லுநர் அல்லர் அவர். பள்ளியின் பட்டறைகளில் நின்று பார்த்தும், அயல்நாட்டு இயந்திரத் தொழிற் பத்திரிகைகளை வாங்கிப் படித்தும் சேர்த்த அறிவே அவருடைய முதல்.

அக்காலத்தில் பம்பாய் வீதிகளில் சைக்கிள் ஒரு புதுமை. இரு சக்கரங்களும் ஒரே அளவாய் அமைந்த இன்றைய வகைச் சைக்கிள் இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டையொட்டித்தான் வெளிவந்தது. காற்றடைத்த டயரை டன்லப் 1888-இல் கண்டார். இந்த வண்டியை வாங்கி விற்கலாம் என்று இலட்சுமணராவுக்குத் தோன்றிற்று. தாம் பம்பாயில் வேலையில் இருந்தபடியே சைக்கிள்களை வாங்கிப் பெல்காமுக்கு அனுப்புவார். அங்கே அண்ணன் இராமசந்திரராவ் அவற்றை விற்பார். வாங்கியவர்களுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுப்பார். இந்த அண்ணனைக் குடும்பத்தாரும் ஊராரும் இராமுஅண்ணா என்று அழைத்தனர். கிர்லோஸ்கர் நிறுவனத்தார் தங்கள் தொழிலின் தொடக்கமாகக் கணக்கிடுவது 1888-ஆம் ஆண்டையே. கிர்லோஸ்கர் பிரதர்ஸ், அதாவது கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்னும் பெயர் இந்த இருவரையும் குறிப்பது.

இங்கே சிறிது நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். தொழில் தொடங்குகிறவன் எடுத்த எடுப்பிலேயே உத்தியோகத்தை உதறிவிட்டுக் கடலில் குதிக்கவேண்டும் என்று சிலர் வீரம் பேசுவதுண்டு. இலட்சுமணராவ் அவ்விதம் செய்யவில்லை. சம்பளம் ஒரு கையிலும் வியாபாரம் மற்றொரு கையிலுமாகச் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தார். சரக்கைப் பற்றியும், வாங்குபவனைப் பற்றியும், கடனைப் பற்றியும் அவர் கற்ற முதற்பாடங்களின் செலவைச் சம்பளம் தாங்கிக்கொண்டது. உடன்பிறந்தான் ஒருவன் ஊரில் கடையைப் பார்த்துக்கொண்டதும் சாதாரண உதவி அன்று.

வேலையை விடும்படி நேர்ந்தது வேறு காரணத்தால். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குக் கொடுக்கப்பட்டது. சீனியாரிட்டிப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் நம்மனோர்க்கு அந்த வேதனையை விளக்கவேண்டியதில்லை. மேன்முறையீடு எழுதி, ஞாபகக் கடிதம் எழுதி, ஓய்வு பெறும்வரை அதையே பேசிக்கொண்டிருப்பது ஒரு வழி. அவர் இராஜிநாமாவைக் கொடுத்துவிட்டுப் பெல்காம் திரும்பினார்.

பெல்காமில் அவர்கள் கடை இருந்த வீதி இன்றும் கிர்லோஸ்கர் வீதி என்றே வழங்குகிறது. ஆனால் சைக்கிளை நம்பி ஒரு சிறு நகரத்தில் எத்தனை நாள் வாழ முடியும்? வாங்கக்கூடிய வக்கீல்களும் டாக்டர்களும் வாங்கி முடித்தபின் விற்பனை நின்றுவிடும். காற்றாடி இயந்திரங்களை வரவழைத்து விற்றுப் பார்த்தார்கள். கூடவே, பிறர் செய்ததை விற்பதைவிடத் தாமே ஏதேனும் செய்து விற்கவேண்டும் என்னும் ஆவல் இலட்சுமணராவை விடவில்லை. முதலில் அவர் கைவைத்தது தீவனம் நறுக்கும் பொறி. தக்காணத்தில் மாட்டுக்குத் தீவனம் சோளத்தட்டை. அதை முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்று தண்டைக் காலால் மிதித்துப் பாழாக்கும். நறுக்கிப் போட்டால் தண்டும் வயிற்றுக்குள் போகும். 1896-97-லும் 1899-1900-லும் கொடும் பஞ்சங்களைக் கண்ட பம்பாய் மாகாணத்தில் ஒரு கட்டுத் தட்டையின் அருமையைக் குடியானவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. எனவே அப்பொறி ஓரளவு விற்றது.

அடுத்துச் செய்தது இரும்புக் கலப்பை. இவ்வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

மரக்கலப்பை மண்ணைக் கீறிச் செல்லுமேயன்றிப் புரட்டிப் போடாது. தக்காணத்துக் கரிசல் மண்ணிலோ ஆழ வேரோடும் புல்வகைகள் உண்டு. மேலே கீறினால் அவை இன்னும் செழிக்கும். வளைந்த இரும்புப் பலகை பொருத்திய கலப்பை அந்த மண்ணை ஆழத்திலிருந்து எடுத்துத் தலைகீழாய்ப் புரட்டும்; வேர் வெயிலில் காய்ந்து மடியும். இங்கிலாந்திலிருந்து இத்தகைய கலப்பைகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. கொழுவை வார்க்கும்போது அதன் அடிப்பக்கத்தை விரைவாகக் குளிரச் செய்வார்கள். அப்பக்கம் கண்ணாடிபோல் இறுகிவிடும், மேற்பக்கம் மென்மையாக நிற்கும். உழும்போது மேற்பக்கம் முதலில் தேய்வதால் முனை தானாகவே கூர்மையாகிக்கொண்டு வரும். கரிசல் மண்ணிலும் கல்லிலும் மோதவேண்டிய கொழுவை இந்தப் பக்குவத்தில் வார்ப்பது, சைக்கிள் கடையின் பின்கட்டில் பட்டறை போட்டிருந்தவருக்கு எளிதான காரியம் அன்று. வார்த்ததை உடைத்து மறுபடி வார்த்து, அனுபவத்தில்தான் கற்கவேண்டும்.

கலப்பை உருவாயிற்று. வாங்குவார் இல்லை. இரும்பு பட்டால் பூமிக்கு நஞ்சேறும், விளைச்சல் கெடும் என்று குடியானவர்கள் நம்பினார்கள். முதல் கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இரண்டு ஆண்டுகள் என்று எழுதுவது எளிது. அது இரண்டு உழவுப் பருவங்கள், இரண்டு தீபாவளிக் கணக்கு முடிப்புகள், இருபத்துநான்கு மாதக் கூலி என்று பிரித்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். வாங்கிப்போட்ட இரும்புக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். செய்த சரக்கு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். கடைவாசலில் அடுக்கிவைத்த கலப்பைகளைத் தெருவில் போவோர் வருவோரெல்லாம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிச் செல்வர். நம் காலனியில் புதிதாகக் கடை திறந்தவரிடம் எத்தனை நாளைக்கு என்று விசாரிக்கும் வழக்கம் நமக்கும் உண்டல்லவா? சைக்கிளும் தீவனப் பொறியும் கொண்டுவந்த சிறு வருவாயே கலப்பையை இந்த இரண்டு ஆண்டும் சுமந்திருக்கவேண்டும். ஒரே சரக்கை நம்பியிருந்தால் கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும் என்பது நம் கருத்து.

குடியானவர்களின் மூடநம்பிக்கையே இதற்குக் காரணம் என்று இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் எழுதிவிடுகிறார்கள். நாம் அதை முழுதும் ஒப்பமாட்டோம். ஏழைக் குடியானவனுக்குப் பருவம் ஒன்று. அது தவறினால் ஆண்டு முழுதும் பட்டினி. கனத்த இரும்புக் கலப்பையை இழுக்க ஒரு ஜோடி மாடு போதாது. இரவல் மாடு வேண்டும். மரக்கலப்பை முறிந்தால் ஊர்த் தச்சன் மாலைக்குள் சரிசெய்து தருவான்; இரும்பு முறிந்தால் பெல்காம் போகவேண்டும். இவ்வளவையும் எண்ணித் தயங்குகிறவனை மூடன் என்பது எப்படிப் பொருந்தும்? பூமிக்கு நஞ்சு என்று அவன் சொன்னதில் இந்தக் கணக்கெல்லாம் அடங்கியிருந்திருக்கலாம். இலட்சுமணராவ் குடியானவனைப் பழிக்காமல் கலப்பையைத் திருத்திக்கொண்டே போனார். அதுதான் அவரிடம் நாம் காணும் சிறப்பு. வாங்காதவன்மேல் கோபம் கொள்ளும் கடைக்காரன் வெகுவிரைவில் சலித்துப்போவான். சரக்கின்மேல் கண் வைத்தவனுக்குச் சலிக்க நேரம் இராது. முதல் கலப்பை விற்று, உழுது, அக்கம்பக்கத்தார் பார்த்தபின் விற்பனை மெல்ல மெல்லப் பெருகிற்று.

பெருகிவரும் சமயத்தில் அடுத்த இடி விழுந்தது. அவர்களுடைய பட்டறை இருந்த இடம் நகரசபையின் விஸ்தரிப்புத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது. இடத்தைக் காலி செய்யவேண்டும். 1910-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆர்டர்கள் கையில் இருக்க, உலையை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாத நிலை. அச்சமயம் அவர் ஔந்த் என்னும் சிறு சமஸ்தானத்தில் மண்டபம் கட்டும் வேலையொன்றை ஒப்பந்தமாக எடுத்துச் செய்துவந்தார். 1909-இல் பட்டத்துக்கு வந்த ஔந்த் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, பாலாசாகேப் என அழைக்கப்பட்டவர், இச்சங்கடத்தை அறிந்தார். தம் சமஸ்தானத்தில் இடமும், தொழிலை நிறுவக் கடனும் கொடுத்தார். (சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாக நாடெங்கும் பரப்பியவர் இந்த அரசரே. பின்னாளில், 1939-இல், காந்தியடிகளின் ஆலோசனையோடு தம் அதிகாரத்தைக் குடிமக்களிடம் ஒப்படைத்த அபூர்வ மன்னரும் இவரே.)

அரசர் கிடைத்தார், பிழைத்தார். நமக்கு எந்த அரசர் வருவார் என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. அதிர்ஷ்டம் இல்லை என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் அரசர் எவனோ ஒரு வழிப்போக்கனுக்குக் கொடுக்கவில்லை. தம் ஊரில் ஒப்பந்த வேலையைக் கண்ணெதிரில் செய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கொடுத்தார். பட்டறை தடுமாறும் காலத்திலும் எடுத்த வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்ததே அங்கு பிணையாக நின்றது.

கிடைத்த நிலம் குண்டல் ரோடு நிலையத்தை அடுத்த 32 ஏக்கர். கள்ளி மண்டிய வறண்ட பொட்டல், பாம்புகளுக்குக் குறைவில்லை. (இலட்சுமணராவின் மகன் பிற்காலத்தில் தம் சுயசரிதைக்குக் கள்ளியும் ரோஜாவும் என்று பொருள்படும் பெயரிட்டது இந்த நிலத்தை நினைவூட்டுவது.) பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இரயில்வேக்காரர்களாகிய நமக்கு அந்த இடத்தின் அருமை உடனே விளங்கும். வேலி தாண்டினால் நிலையம். இரும்பு வண்டியில் வந்து இறங்கும். கலப்பை வண்டியில் ஏறும். கனத்த சரக்கை மாட்டுவண்டியில் பத்து மைல் இழுத்துவரும் செலவே ஒரு சிறு தொழிலைக் கொன்றுவிடும். வெளியூருக்குப் போகும் சரக்கை அனுப்புகிறவர் தம் பெயருக்கே புக் செய்து, ரசீதைப் பாங்கி மூலமாகவோ வி. பி. தபால் மூலமாகவோ வாங்குபவருக்கு அனுப்புவதும், அவர் பணம் கட்டி ரசீதைப் பெற்றபின் சரக்கை எடுப்பதும் வியாபார வழக்கம். அதற்குள் வாங்குபவர் மனம் மாறினால் நிலையத்தில் வார்ஃபேஜ் ஏறும், சரக்கு திரும்பிவரும், இருவழிக் கூலியும் அனுப்பியவர் தலையில் விழும். கூட்ஸ் ஷெட்டில் இவ்விதம் திரும்பிய சரக்குகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கலப்பையைச் செய்வதற்கும் அதன் காசு கைக்கு வருவதற்கும் இடையே எத்தனை தூரம் என்பது தெரியும்.

1910 மார்ச் 10-ஆம் தேதி கிர்லோஸ்கர்வாடி தோன்றியதாகக் கொள்கிறார்கள். தொழிலாளர்கள் தத்தம் குடும்பங்களோடு அந்தப் பொட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். கள்ளியை வெட்டினார்கள், கொட்டகை போட்டார்கள், உலை மூட்டினார்கள். இலட்சுமணராவின் மனைவி இராதாபாயும் அந்த வாழ்க்கையை ஏற்றுக்கொண்டார். தொழிலதிபர்களின் வரலாறுகளில் மனைவியருக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை. நம் காலனியில் மெஸ் நடத்தும் குடும்பங்களைப் பார்த்தவர்கள், அந்த ஒரு வரிக்குள் எத்தனை மணி நேர வேலை அடங்கியிருக்கிறது என்று தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இலட்சுமணராவுடன் தோள் கொடுத்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் அவர் வரலாறு நிரம்பாது. அண்ணன் இராமுஅண்ணா ஊரை வகுத்து நிர்வகித்தார். சம்புராவ் ஜாம்பேகர் என்பவர் எஞ்சின் ஓட்டுவதிலும் பிட்டர் வேலையிலும் கைதேர்ந்தவர். கே. கே. குல்கர்ணி சகல காரியங்களையும் கவனிக்கும் மானேஜர். மங்கேஷ்ராவ் ரேகே தலைமைக் குமாஸ்தா, கணக்கும் அவரே. (குமாஸ்தா ஒருவரின் பெயர் வரலாற்றில் நிலைத்திருப்பதைக் காண்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.) அனந்தராவ் பல்நீகர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், அங்கே புதியன சிந்திக்கும் பொறியாளராக விளங்கினார். துகாராம் இராமோஷி, பீராஜி என்னும் இருவர் சிறை சென்று மீண்டவர்கள். பட்டறைக்கும் ஊருக்கும் காவல் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இருவரும் நம்பிக்கைக்குரிய காவலர்களாகவே விளங்கினார்கள்.

பெரிய கம்பெனிகள் பட்டதாரிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டபின் மிஞ்சியவர்களே சிறுதொழில் செய்பவனுக்குக் கிடைப்பார்கள். இதைப் பெருங்குறையாகச் சொல்லிப் புலம்புகிற முதலாளிகள் உண்டு. இலட்சுமணராவே ஒருவிதத்தில் மிஞ்சியவர்தாம்: வண்ணம் தெரியாத ஓவிய மாணவர், பதவி உயர்வு கிட்டாத ஆசிரியர். ஆகவே பிறரால் தள்ளப்பட்டவனிடம் என்ன கைத்திறன் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. கிர்லோஸ்கர்வாடியில் தீண்டாமையை அவர் அனுமதிக்கவில்லை. அந்த நாளில், அந்தப் பிரதேசத்தில், தொழிலாளர் ஒரே குழாயில் நீர் பிடிப்பதும் ஒரே வரிசையில் குடியிருப்பதும் எவ்வளவு முணுமுணுப்பை எழுப்பக்கூடிய விஷயங்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தொழில் நிலைபெறாத காலத்தில் இத்தகைய பகையை வலிய ஏற்பதற்குத் துணிவு வேண்டும்.

1914-இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. அயல்நாட்டுக் கலப்பைகள் வருவது அரிதாயிற்று. நம் நாட்டுக் கலப்பைக்குக் கேட்பு அதிகமாயிற்று. ஆனால் இரும்பும் வரவில்லை, நிலக்கரியும் கிடைப்பதரிது, பூச்சு வண்ணமும் இல்லை. சரக்குக்கு ஆள் நிற்கும்போது செய்ய மூலப்பொருள் இல்லாத நிலை, வாங்க ஆளில்லாத நிலையைவிடக் கொடியது. நிலக்கரிக்குப் பதில் விறகுக் கரியை எரித்து உலையை நடத்த வழி கண்டார்கள். பழைய இரும்பைத் தேடி அலைந்தார்கள். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா தம் கோட்டையில் கிடந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்தார் என்றும், அவை உருக்கப்பட்டுக் கலப்பைகளாயின என்றும் மகாராஷ்டிரத்தில் சொல்கிறார்கள். போர் நடக்கும் காலத்தில் பீரங்கி கலப்பையானதை எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஒரு வியப்பு உண்டாகிறது.

யுத்தம் முடிந்தபின் 1920-இல் தொழில் லிமிடெட் கம்பெனியாக மாறிற்று. கலப்பையோடு கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் பொறி, பம்பு என்று செய்பொருள்கள் விரிந்தன. அதே ஆண்டில் குடும்பத்தைச் சேர்ந்த சங்கரராவ் கிர்லோஸ்கர், கம்பெனிச் செய்திகளைத் தாங்கிய ஒரு சிறு பத்திரிகையைத் தொடங்கினார். சரக்கைப் பற்றி அறிவிக்கப் பிறந்த அவ்வேடு நாளடைவில் மராத்தியரின் வீடுகளில் விரும்பிப் படிக்கும் மாத இதழாக வளர்ந்தது; 1930-இல் பெண்களுக்கென ஸ்திரீ என்னும் இதழும், 1934-இல் மனோஹர் என்னும் இதழும் அவ்விடத்திலிருந்தே வெளிவந்தன. கலப்பை வார்த்த ஊரிலிருந்து மாதர் இதழ் வெளிவந்தது ஒரு விநோதமே.

நல்ல காலம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. யுத்தத்துக்குப் பின் அயல்நாட்டுச் சரக்குகள் மறுபடி வந்து குவிந்தன. மழை பொய்த்த ஆண்டில் குடியானவனிடம் காசு இராது. அவனிடம் காசு இல்லையென்றால் கலப்பை தேங்கும். 1929-க்குப் பின் உலகெங்கும் விளைபொருள் விலை வீழ்ந்தபோது இத்தொழிலுக்கும் சோதனை வராமல் இல்லை. குடியானவனை நம்பிய தொழிலுக்கு வானமே கூட்டாளி. அந்தக் கூட்டாளி கணக்குக் காட்டுவதில்லை.

மகன் சாந்தனுராவை 1922-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1926-இல் திரும்பினார். பட்டம் இல்லாத தந்தை, பட்டம் பெற்ற மகனைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். நம் வீடுகளில் இதற்கு எதிர்மாறாக நடப்பதைப் பார்க்கிறோம். மளிகைக் கடைக்காரர் மகனைப் படிக்கவைப்பது கடையை மூடுவதற்காகவே என்று ஆகிவிட்டது. படிப்பு கடைக்கும் பயன்படக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கிறவர் சிலரே. சாந்தனுராவின் தலைமையில் தொழில் பெருவளர்ச்சி கண்டது. 1946-இல் புனாவில் எண்ணெய் எஞ்சின் தொழிற்சாலையும், பெங்களூரில் மின்மோட்டார் தொழிற்சாலையும் அமைந்தன. நம் ஊர்க் கிணற்றங்கரைகளுக்கு அப்பெயர் வந்து சேர்ந்த வழி இதுதான்.

அந்த வளர்ச்சியையெல்லாம் தந்தை கண்ணால் கண்டார். தேசம் விடுதலை பெற்றதையும் கண்டார். 1956 செப்டம்பர் 26-ஆம் தேதி, எண்பத்தேழாம் வயதில் இலட்சுமணராவ் காலமானார். அவர் பிறந்த நூறாவது ஆண்டு நிறைந்தபோது, 1969 ஜூன் 20-ஆம் தேதி, இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. தபால்தலை சேகரிக்கும் நம் காலனிச் சிறுவர்கள் யாரிடமேனும் அது இருந்தால், சங்க நூல்நிலையக் கண்காட்சிக்குக் கொடுத்துதவ வேண்டுகிறோம்.

கிர்லோஸ்கர்வாடியில் பம்பு செய்யும் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. நிலையமோ சிறியது, எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. மிரஜ் பக்கம் செல்லும் அன்பர்கள் கால அட்டவணையைப் பார்த்து, நிற்கும் வண்டியில் ஏறுவது நலம்.